தில்லிக் குளிரில் டேப் ஏன் ஒட்ட மறுக்கிறது?

செல்லோ டேப், பார்சல் கட்டும் பிரவுன் டேப், டபுள் சைட் டேப், மருந்து பாட்டில் லேபிள், கார் கண்ணாடியில் ஃபாஸ்டாக், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு, வாசலில் ஸ்டிக்கர் கோலம். இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே இனத்துப் பசை. தண்ணீர் தொட வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், காயும்வரை காத்திருக்க வேண்டாம். வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கட்டுரையில் இதை அழுத்தப் பசை என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தப் பசையின் குணத்தைத் தெரிந்துகொள்ளத் தில்லியைவிடத் தோதான ஊர் கிடையாது. ஜனவரி விடியற்காலையில் 4, 5 டிகிரி. மே, ஜூன் மதியங்களில் 44, 45 டிகிரி. சென்னையிலிருந்து இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு முதல் வருஷத்திலேயே தெரிந்துவிடும்: அங்கே வருஷம் முழுக்க ஒரே மாதிரி நடந்துகொண்ட டேப், இங்கே குளிரில் ஒட்ட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது, கோடையில் ஒட்டிய இடத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்குகிறது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார் என்று நினைப்போம். பெரும்பாலும் அவர்மேல் தப்பிருக்காது.

முதலில், இது மற்ற பசைகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துவிடலாம். ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை ஈரமாக இருக்கும்போது பரவுகிறது. பிறகு அதிலுள்ள தண்ணீர் போனதும் இறுகுகிறது. ஃபெவிகுவிக் காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நொடிகளில் கெட்டியாகிறது. அரால்டைட்டில் இரண்டு டியூபையும் கலந்தவுடன் வேதிவினை தொடங்குகிறது. மூன்றிலும் திரவம் ஒன்று திடமாக மாறுகிறது. அழுத்தப் பசையில் அப்படி எந்த மாற்றமும் நடப்பதில்லை. சுருளில் இருந்தபோது எப்படி இருந்ததோ, ஒட்டிய பிறகும், பிய்த்தெடுத்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. கடைசிவரை பாதித் திரவம், பாதித் திடம். அதன் பலம், பலவீனம் இரண்டுக்கும் காரணம் இதுதான்.

ஏன் இரண்டும் வேண்டும்? ஒட்டுவது என்பது இரண்டு வேலை, அதுவும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள்.

முதல் வேலை, பரப்பின்மேல் படிவது. நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் கண்ணாடியும் ஸ்டீலும்கூட நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அணுக்களுக்கு இடையே எப்போதும் ஒரு மெல்லிய ஈர்ப்பு உண்டு. வாண்டெர் வால்ஸ் விசை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது வேலை செய்ய வேண்டுமானால் பசை பரப்புக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். அதாவது பசை அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி ஓட வேண்டும். நாம் விரலால் அழுத்துவது இதற்காகத்தான். இந்த வேலைக்குப் பசை திரவமாக இருந்தால் நல்லது.

இரண்டாவது வேலை, இழுக்கும்போது விட்டுக்கொடுக்காமல் தாங்குவது. தேனும்தான் கண்ணாடியில் அழகாகப் படிகிறது. ஆனால் தேனை வைத்துக் காலண்டர் மாட்ட முடியாது. இந்த வேலைக்குத் திடத்தின் உறுதி வேண்டும்.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கொஞ்சம் தடிமனான டபுள் சைட் டேப் ஒரு துண்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு, மிக மெதுவாக உரியுங்கள். டேப்பும் கண்ணாடியும் பிரிகிற கோட்டைக் கவனித்தால், அங்கே பசை சட்டென்று விடுபடுவதில்லை என்பது தெரியும். முதலில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் தோன்றும். குமிழ்களுக்கு நடுவே உள்ள பசை வெள்ளை நூல் நூலாக நீளும். ஒவ்வொரு நூலும் தன் முந்தைய தடிமனைப் போலப் பல மடங்கு இழுபட்ட பிறகே அறுந்தோ விடுபட்டோ போகும். டேப்பை உரிக்கும்போது நம் கை உணரும் எதிர்ப்பில் பெரும்பங்கு இந்த நூல்களை இழுப்பதற்கே செலவாகிறது. அணுக்களின் ஈர்ப்பை மட்டும் கணக்கிட்டால் வரும் ஆற்றலைவிட, டேப்பை உரிக்க உண்மையில் தேவைப்படும் ஆற்றல் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஈர்ப்பு பரப்பைப் பிடித்துக்கொண்டால் போதும். மீதிப் பாட்டை நூல்கள் பார்த்துக்கொள்கின்றன.

சரி, எவ்வளவு மெத்தென்று இருந்தால் பசை ஒட்டும்? 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் டால்க்விஸ்ட் 1960களில் இதற்கு ஓர் எல்லைக்கோடு போட்டார். பசையின் விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருந்தால் கையால் அழுத்தி ஒட்டலாம். அதற்கு மேலே போனால் எவ்வளவு அழுத்தினாலும் பரப்பில் படியாது. ஒப்பிட்டுப் பார்க்க: ரப்பர் பேண்டின் விறைப்பு சுமார் 10 லட்சம் பாஸ்கல், ஜன்னல் கண்ணாடியின் விறைப்பு சுமார் 7,000 கோடி பாஸ்கல். ரப்பர் பேண்ட் நமக்கு மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனாலும் சுவரில் வைத்து அழுத்தினால் ஒட்டாது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த விறைப்பு நிலையானதாக இருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். அது வெப்பத்தைப் பொறுத்தும் மாறுகிறது, எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாளில் அதைத் தரையில் போட்டுத் தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். அதையே மே மாதத்தில் சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டால் காகிதத்தோடு இழைந்து கிடக்கும். பிரித்தால் நூல் நூலாக வரும். பொருள் ஒன்றுதான், இடையில் மாறியது வெப்பம் மட்டும். அழுத்தப் பசைக்கும் இப்படிக் கண்ணாடியாக மாறுகிற ஒரு வெப்பநிலை உண்டு. பொதுவாக சுழியத்துக்குக் கீழே 20 முதல் 60 டிகிரிக்குள் எங்காவது இருக்கும்படி அதைத் தயாரிக்கிறார்கள். தில்லியில் அவ்வளவு குளிராதே என்று தோன்றலாம். ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்கவே பசை விறைக்கத் தொடங்கிவிடும். 30 டிகிரியில் டால்க்விஸ்ட் கோட்டுக்குக் கீழே சௌகரியமாக இருந்த பசை, 5 டிகிரியில் கோட்டைத் தொட்டோ தாண்டியோ நிற்கலாம்.

வேகம் செய்வதும் இதே வேலைதான். டேப்பை வெடுக்கென்று இழுத்தால், பசையின் நீண்ட மூலக்கூறுகளுக்கு ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போக நேரம் கிடைப்பதில்லை. அதனால் திடம்போல விறைக்கிறது. மெதுவாக இழுத்தால் நேரம் கிடைக்கிறது, திரவம்போல ஒழுகுகிறது. ஆகக் குளிர்விப்பதும் வேகமாக இழுப்பதும் பசைக்கு ஒன்றே. சூடாக்குவதும் பொறுமையாக இழுப்பதும் ஒன்றே. 1955இல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெரி என்ற மூவர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். அழுத்தப் பசையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

பிரவுன் டேப்பை உருவும்போது தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கிறீச்சொலி வருகிறதே, அதுவும் இதன் விளைவுதான். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பசை திரவமாக நடப்பதா திடமாக நடப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறது. கொஞ்சம் பிடிக்கும், சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல தடவை இப்படி நடப்பதால் டேப் அதிர்ந்து கத்துகிறது. டேப் உரிவதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இருட்டறையில் உருவினால் பிரியும் கோட்டில் மங்கலான நீல வெளிச்சம் தெரியும். 2008இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் காற்றில்லாத கலத்துக்குள் டேப்பை உரித்தபோது, ஒரு விரலைப் படம் பிடிக்கப் போதுமான எக்ஸ் கதிர்களே வந்தன. வீட்டில் காற்று இருப்பதால் கவலைப்பட வேண்டாம்.

இனி தில்லியின் பருவங்களுக்கு வருவோம்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நடக்கிற கதை இது. "தீபாவளிக்கு ஒட்டின ஸ்டிக்கர் கோலம் ஜம்முனு இருந்தது, அதே கடையில வாங்கினதுதான், இது ரெண்டே நாள்ல கிளம்பிடுத்து" என்று மாமி அங்கலாய்ப்பார். தீபாவளி நேரத்தில் வாசல் தரை 20 டிகிரிக்கு மேலே இருந்திருக்கும். பொங்கல் காலையில் வெயிலே படாத மாடிப்படி ஓரத்துத் தரை, தொட்டால் விரல் விறைக்கும் பதத்தில் இருக்கும். வாசலைத் துடைத்துவிட்டுத்தான் கோலம் ஒட்டுவோம். அந்த ஈரம் மூடுபனி நாளில் லேசில் காயாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தண்ணீர்ப் படலம் தரைமேல் நிற்கும். விறைத்த பசை ஒரு பக்கம், ஈரத் தரை இன்னொரு பக்கம். ஸ்டிக்கர் தரையைத் தொடவே இல்லை, ஈரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் யாராவது செருப்புக் காலை வைத்துத் திரும்பினால் கிளம்பாமல் என்ன செய்யும்?

இதற்கு வழி சுலபம். முந்தின நாள் மதியம், இருப்பதிலேயே வெதுவெதுப்பான நேரத்தில் ஒட்டுங்கள். துடைத்த பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, ஹேர் டிரையரால் தரையை ஒரு நிமிடம் சூடாக்குங்கள். ஸ்டிக்கரை மட்டும் சூடாக்கிப் பயனில்லை. பசைப் படலம் மிக மெல்லியது; சில்லென்ற தரையில் வைத்த கணமே அதன் சூடு போய்விடும். தரையில்தான் சூடு இருக்க வேண்டும். அப்புறம், நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெல்லத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவது போதாது.

குளிரைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிற ஒன்று இங்கே இருக்கிறது. ஒட்டும் நேரத்துக் குளிர் வேறு, ஒட்டிய பிறகு வரும் குளிர் வேறு. அக்டோபரில் நன்றாக ஒட்டிப் படிந்துவிட்ட டேப், ஜனவரியின் 4 டிகிரியில் அதுபாட்டுக்கு இருக்கும். பசை ஏற்கெனவே பள்ளங்களுக்குள் இறங்கிவிட்டது. குளிரில் விறைப்பது அதற்கு நல்லதே, இன்னும் உறுதியாகத் தாங்கும். உறைகுளிரில் வேலை செய்யும் டேப்புகளின் பெட்டியில்கூட, பல அக்ரிலிக் வகைகளுக்கு, ஒட்டும்போது பரப்பு 10 அல்லது 15 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை.

படிவதற்கு நேரமும் வேண்டும். பெயர்ப்பலகை, கார் பீடிங் போன்றவற்றுக்குப் பயன்படும் கனமான அக்ரிலிக் ஃபோம் டேப்புகள் சாதாரண அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் ஏறக்குறைய பாதி பலத்துக்கும், ஒரு நாளில் 90 சதவீதத்துக்கும், மூன்று நாளில் முழு பலத்துக்கும் வருகின்றன. ஹூக்கை ஒட்டிய கையோடு அதில் பையை மாட்டிவிட்டு, விழுந்துவிட்டது என்று திட்டுவது நியாயமில்லை. ஜனவரியில் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

கோடையில் பிரச்சினை தலைகீழ். பசை நன்றாக இளகி, எங்கே வைத்தாலும் பச்சக்கென்று ஒட்டும். தாங்கும் வேலையில்தான் கோட்டை விடும். சுவர் ஹூக்கில் மாட்டிய கனம் இரவும் பகலும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பு மெதுவானது, முடிவில்லாதது. மெதுவான இழுப்பும் சூடும் பசைக்கு ஒன்றே என்று பார்த்தோம். இங்கே இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஹூக் ஒரே நாளில் விழுவதில்லை. வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று வழுக்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் நடுராத்திரியில் பெருஞ்சத்தத்தோடு இறங்கும். மேல்மாடி வீட்டில் மேற்கு பார்த்த சுவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதை அளக்க ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. ஓர் அங்குலச் சதுரம் டேப்பை ஸ்டீல் தகட்டில் ஒட்டி, செங்குத்தாக நிறுத்தி, கீழே 1 கிலோ எடையைத் தொங்கவிட்டு, விழ எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். பிடிப்பை அளக்க வேறு சோதனை: ஸ்டீலில் ஒட்டி, 2 கிலோ உருளையால் உருட்டி, 180 டிகிரி மடித்து நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் உரிப்பது. அறை வெப்பம் 23 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். டேப் பெட்டியில் அச்சடித்த எண்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. தில்லியில் 23 டிகிரி கிடைப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான், சுவரும் ஸ்டீல் கிடையாது. அந்த எண்களை இரண்டு டேப்புகளை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம், நம் வீட்டு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எடை எந்தத் திசையில் இழுக்கிறது என்பதும் முக்கியம். சுவரோடு ஒட்டித் தொங்கும் காலண்டர் பசையைக் கீழ்நோக்கி வழுக்க முயல்கிறது. பசையின் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்கும். அதே எடையுள்ள ஒரு பை, சுவரிலிருந்து வெளியே நீண்ட கொக்கியின் நுனியில் தொங்கினால், ஹூக்கின் மேல் விளிம்பை நெம்பி உரிக்கிறது. அப்போது தாங்குவது முழுப் பரப்பில்லை, மேலே ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு விட்டால் அடுத்த கோடு, பிறகு அடுத்தது. உயரமான, சுவரைவிட்டு அதிகம் நீளாத ஹூக்கை வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நிறுத்தி வைத்த காருக்குள் நிலைமை இன்னும் மோசம். ஜூன் மாத வெயிலில் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். மொபைல் ஸ்டாண்டை டபுள் சைட் டேப்பில் ஒட்டிவைத்தால் சாயங்காலம் காலடியில் கிடக்கும். ஆனால் அதே காரின் முன்கண்ணாடியில் ஃபாஸ்டாக்கும், தில்லி வண்டிகளில் இருக்கும் எரிபொருள் நிற ஸ்டிக்கரும் (பெட்ரோல், சிஎன்ஜி என்றால் இளநீலம், டீசல் என்றால் ஆரஞ்சு) வருஷக்கணக்காக அசையாமல் நிற்கின்றன. காரணம் எளிது. அவற்றுக்கு எடையே இல்லை. மிருதுவான தாள், அகலமான பரப்பு, அடியில் கண்ணாடி. இளகினாலும் இழுக்க ஆள் இல்லை.

பரப்பு என்று சொன்னேன். இங்கே வெப்பத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீல், கண்ணாடி, பீங்கான் ஓடு ஆகியவற்றின்மேல் பசை தானாகவே பரவிப் படியும். பிளாஸ்டிக் டப்பாக்களின் பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன் ஆகியவற்றின்மேல் முழுதாகப் பரவாது. நான்ஸ்டிக் தவாவின் பூச்சில் அநேகமாக எதுவுமே ஒட்டாது, தோசை உட்பட. மிளகாய்ப்பொடி டப்பாவில் எழுதி ஒட்டிய லேபிள் ஓரம் கிளம்புவதற்கும், ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியில் ஒட்டியது சுரண்டினாலும் போகாததற்கும் இதுவே காரணம். லேபிளுக்கு அடியில் இருக்கும் வழுவழுப்பான மஞ்சள் தாளில் சிலிகோன் பூச்சு இருக்கிறது. பசை ஒட்டாத பரப்பை வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள்.

சுவரில் ஒட்டியது விழுந்தால் ஒரு சின்ன பிரேதப் பரிசோதனை செய்து பாருங்கள். விழுந்த டேப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பசை பளபளவென்று சுத்தமாக இருந்தால், அது சுவரில் படியவே இல்லை என்று அர்த்தம்: குளிர், ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு அல்லது ஒட்டாத பிளாஸ்டிக். பசை பாதி டேப்பிலும் பாதி சுவரிலுமாகக் கிழிந்திருந்தால், பசையே தாங்கவில்லை: சூடு அல்லது அதிக எடை. பசைமேல் வெள்ளையாக மாவு அப்பியிருந்தால், பசையும் டேப்பும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கின்றன. சுவர் உரிந்து வந்துவிட்டது. தில்லியின் பழைய வாடகை வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது. வருஷா வருஷம் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த சுண்ணாம்பும் மலிவு டிஸ்டெம்பரும் விரலால் தடவினாலே மாவாக வரும். மே மாதத்துப் புழுதிக்காற்று வேறு ஓர் அடுக்கைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கும். அங்கே எந்த ஊர் டேப்பை வாங்கினாலும் பலனில்லை. ஆணியே சரி, வீட்டுக்காரர் சம்மதித்தால்.

மழைக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒட்டி நன்றாகப் படிந்த பசையைத் தண்ணீர் உடனே ஒன்றும் செய்யாது. ஓரத்தில் இடைவெளி இருந்தால் அதன் வழியே ஊர்ந்து உள்ளே போகும். கண்ணாடி, ஓடு போன்றவற்றைத் தண்ணீருக்குப் பசையைவிட அதிகம் பிடிக்கும் என்பதால், பசையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளும். ஓரங்களை நன்றாகத் தேய்த்துவிடுங்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல அதிகம் இல்லை. மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டுவதும் உதவும். பிளாஸ்திரியின் முனைகள் வட்டமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அட்டைப்பெட்டி கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. சதர் பஜாரில் சரக்கு வாங்கி ஜிடி எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஊருக்கு அனுப்புகிறவர்கள் ஜனவரி இரவில் குடோனில் உட்கார்ந்து பெட்டி கட்டுவார்கள். மறுசுழற்சி அட்டையின் மேற்பரப்பு முழுக்கத் தூசியும் நார்த்துகளும். பிரவுன் டேப்பின் பசைப் படலம் சுமார் 20 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் அந்த நார்களைப் பிடித்தாக வேண்டும். டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டினால் பெட்டி இறுகும் என்று நினைத்து இழுப்பார்கள். இழுபட்ட பிளாஸ்டிக் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். நாக்பூர் தாண்டி வெயில் ஏறியதும் பசை இளக, டேப்பின் இரண்டு முனைகளும் உள்நோக்கி நகரும். இழுக்காமல் போட்டு, உள்ளங்கையால் முழு நீளமும் தேய்த்து, இரண்டு பக்கமும் நாலு விரல் கீழே இறக்கி ஒட்டினால் போதும். பெட்டியை வாய் மூடாத அளவுக்கு அடைத்தால் டேப்பைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்டிக்கர் பொட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் குற்றம். எல்லாப் பரப்பிலும் கஷ்டமான பரப்பு தோல்தான். அது நீளும், சுருங்கும், வியர்க்கும், எண்ணெய் கசியும், தன் மேல்செதில்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். காலையில் ஒட்டிய பொட்டை ராத்திரி எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, மறுநாள் மறுபடி வைத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். இரண்டாம் நாள் அது ஒட்டாததற்குக் காரணம், பசை தீர்ந்துபோனதால் இல்லை. அதன்மேல் தோலின் செதில்களும் எண்ணெயும் படிந்து மூடிவிட்டன. கண்ணாடியில் படிந்த சோப்பு ஆவி தன் பங்குக்கு உதவியிருக்கும். நெற்றி எண்ணெய் பசைக்குள் ஊறி அதை இளக்கவும் செய்யும். சில மலிவான பொட்டுப் பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் இருக்கும். சிலருக்கு அது பொட்டு வைக்கும் இடத்தில் தோலின் நிறத்தைப் போக்கி வெள்ளைத் திட்டை உண்டாக்குகிறது. தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்த பிரச்சினை இது. அரிப்போ வெளிறலோ தெரிந்தால் ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வயது ஆனால் பசை என்ன ஆகும்? அது எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது. ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925இல் பெயிண்டர்களுக்கான மாஸ்கிங் டேப்பையும் 1930இல் ஒளி ஊடுருவும் செல்லோஃபேன் டேப்பையும் கொண்டுவந்த காலத்தில், பசை என்றால் ரப்பரும் மரப்பிசினும்தான். ரப்பரைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெளிச்சமும் சிதைக்கும். முதலில் பிசுபிசுவென்று இளகும், பிறகு மஞ்சளாகிப் பழுப்பாகிக் காய்ந்து உதிரும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் கிழிசலுக்கு ஒட்டிய டேப் தனியே விழுந்து, பழுப்புக் கறை மட்டும் தாளில் மிச்சமிருக்குமே, அது இதுதான். முக்கியமான காகிதம் எதிலும் சாதாரண செல்லோ டேப்பை ஒட்டாதீர்கள். அக்ரிலிக் பசைக்கு இந்த வியாதி மிகக் குறைவு. வெயிலில் நிற்கும் ஸ்டிக்கர்களுக்கு அதைத்தான் போடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப் சில கோடைகளுக்குப் பிறகு கையில் அப்பும் கோந்தாக மாறுவது வேறு கதை: பிவிசியை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லப் பசைக்குள் இறங்கிவிடுகிறது.

வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த பசையும் உண்டு. 1968இல் ஸ்பென்சர் சில்வர் உருவாக்கிய பசை குட்டிக் குட்டி உருண்டைகளாக இருந்தது. உருண்டைகளின் மேடுகள் மட்டும் தாளைத் தொடும். அது என்னத்துக்கு உதவும் என்று தெரியாமல் பல வருஷம் கிடந்து, 1980இல் அமெரிக்கா முழுவதும், ஒட்டி ஒட்டி எடுக்கும் போஸ்ட் இட் குறிப்புத் தாளாக விற்பனைக்கு வந்தது.

கடைசியாக, ஒட்டியதை எடுப்பது. புது எவர்சில்வர் பாத்திரத்தின் ஸ்டிக்கரை நம் அம்மாக்கள் எப்படி எடுப்பார்கள்? பாத்திரத்தைச் சின்னத் தணலில் கவிழ்த்துப் பிடித்து, வெதுவெதுப்பானதும் ஓரத்தைக் கிளப்பி உரிப்பார்கள். முறை சரிதான். சூட்டில் பசை இளகி, உரிக்கத் தேவையான விசை குறைகிறது. ஆனால் அளவு மீறினால் பசை கிழிந்து பாதி பாத்திரத்திலேயே தங்கிவிடும். தொட்டால் கை பொறுக்கும் சூடு போதும். ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடித்து, பரப்போடு ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள்; வேகமாக இழுத்தால் பசை விறைத்துத் தாள்தான் கிழியும். தங்கிவிட்ட பிசுக்கில் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். எண்ணெய் பசைக்குள் ஊறி அதை உப்பவைத்துவிடும். துணியால் துடைத்தால் உருண்டு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்தில் அடுத்த லேபிளும் ஒட்டாது.